பரணில் கிடந்த லாவா விளக்கு: பாட்டிலைத் திறப்பதற்கு முன்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா 90-களில் சவுதியிலிருந்து கொண்டுவந்த லாவா விளக்கு (சூட்டில் மெழுகு உருண்டைகள் ஏறி இறங்கும் மேஜை விளக்கு), பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை வீட்டுப் பரணில் இருபது வருடமாகக் கிடந்திருக்கிறது. இறக்கிப் பார்த்தால் பாட்டிலுக்குள் தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரிக் கலங்கி நிற்கிறது. சிவப்பு மெழுகு அடியில் கட்டியாக உறைந்திருக்கிறது. பல்பு இல்லை, அடிப்பாகம் கறுத்துப்போயிருக்கிறது. ஹார்டுவேர் கடைச் சேட்டன், "உள்ளே இருக்கறதைக் கொட்டிட்டுத் தேங்காய் எண்ணெய் ஊத்துங்க, பளிச்சுனு ஆயிரும்" என்றிருக்கிறார். 500 ரூபாய்க்குள் சரிசெய்ய வேண்டும், என்ன ஊற்றுவது என்று கேட்கிறீர்கள். என்ன ஊற்றுவது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்தப் பாட்டிலைத் திறக்கத்தான் வேண்டுமா? இப்போதைக்கு வேண்டாம் என்பது என் பதில். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் ஐடிஐ-யில் எலக்ட்ரீசியன் படித்தவன். வேலந்தாவளத்தில் 22 வருடமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நம் பக்கத்தில் வளைகுடாவுக்குப் போகாத ஆள் இல்லாத தெரு குறைவு என்பதால், அங்கிருந்து வந்த மிக்ஸி, டேப் ரெக்கார்டர், மேஜை விளக்கு எல்லாம் கைக்கு வந்திருக்கின்றன. லாவா விளக்கு இதுவரை ஒன்பதுதான் வந்தது. அதில் ஆறு, பாட்டிலைத் திறக்காமலேயே ஓடின. மூன்றைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த மூன்றில் ஒன்றை நானே கெடுத்தேன், அந்தக் கதை பின்னால் வரும். நான் வேதியியல் படித்தவன் இல்லை. மின்சாரப் பகுதியில் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மெழுகு, திரவம் பற்றிச் சொல்வது கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்டது.

இந்த விளக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. 1963-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் கிரேவன் வாக்கர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒரு மதுக்கடையில் முட்டை வேகும் நேரம் பார்க்க வைத்திருந்த ஒரு குடுவையைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. சூட்டில் உள்ளே இருந்த மெழுகு உருகி மேலே ஏறினால் முட்டை வெந்துவிட்டது என்று கணக்கு. லாவா விளக்கிலும் நடப்பது அதேதான். சாதாரண மெழுகுவத்தி மெழுகின் அடர்த்தி சுமார் 0.9, தண்ணீருடையது 1. அதனால் வெறும் மெழுகு எப்போதும் மிதக்கும், கீழே இறங்கவே இறங்காது. கம்பெனிக்காரர்கள் மெழுகோடு கனமான ஒரு பொருளைக் கலந்து, ஆறிய நிலையில் அது சுற்றியிருக்கும் திரவத்தைவிட ஒரு மயிரிழை கனமாக இருக்கும்படி செய்கிறார்கள். கீழே பல்பு சூடேற்றினால் மெழுகு உருகி விரிந்து, திரவத்தைவிட லேசாகி மேலே போகிறது. உச்சியில் சூட்டை இழந்து சுருங்கி, கனமாகிக் கீழே வருகிறது. அடியில் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். இறங்கி வரும் மெழுகு உருண்டைகள் மறுபடி ஒன்றாகச் சேர அது உதவுகிறது. அதை வேண்டாத கம்பி என்று நினைத்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். சேட்டன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அது வேண்டவே வேண்டாம். சூடான எண்ணெயில் மெழுகு கரைந்துவிடும். தண்ணீரும் மெழுகும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதால்தான் அந்த உருண்டைகளே உண்டாகின்றன. எண்ணெய் ஊற்றினால் இரண்டு மணி நேரத்தில் ஒரே சிவப்புக் குழம்பு மிஞ்சும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்துவேறு போகும். அதோடு, சூடேறும் பல்புக்கு மேலே ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறைய எண்ணெய் இருப்பது தீக்கு வழி.

ஆக, முதல் வேலை மின்சாரம். விளக்கின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு சின்னத் தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும், அதில் வோல்ட், வாட் எழுதியிருக்கும். சவுதியில் அந்தக் காலத்து வீடுகளில் 127 வோல்ட் லைன் இருந்தது. அமெரிக்காவுக்குச் செய்த 120 வோல்ட் விளக்குகளும் அதில் ஓடும். நம் வீட்டில் 230. நல்லவேளையாக லாவா விளக்கில் மோட்டாரோ டிரான்ஸ்ஃபார்மரோ கிடையாது. ஒயர், சுவிட்ச், ஹோல்டர், பல்பு, அவ்வளவுதான். அதனால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், 230 வோல்ட் பல்பு போட்டால் போதும். பெட்டியில் பழைய 120 வோல்ட் பல்பு கிடந்தால் அதை மட்டும் இங்கே மாட்டாதீர்கள், ஒரு நொடியில் ஃபிலமென்ட் அறுந்துவிடும்.

ஒயரை மாற்றித்தான் ஆக வேண்டும். இருபது வருடம் பரணில் ஓட்டுச் சூட்டில் கிடந்த ஒயர், மடக்கினால் மேலுறை வெடித்துச் செதிலாக உதிரும். இந்த விளக்குகளில் வருவது இரண்டு கோர் ஒயர். அடிப்பாகம் உலோகம், ஆனால் எர்த் கிடையாது. எனக்கு இது ஒருபோதும் பிடித்ததில்லை. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 0.75 ஸ்கொயர் மி.மீ. மூன்று கோர் ஒயர் வாங்கி, பச்சை ஒயரை ஒரு லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு, உலோக உடம்பில் பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் திருகோடு இறுக்கிவிடுங்கள். ஃபேஸ், ஹோல்டரின் நடுப்புள்ளிக்குப் போக வேண்டும். நியூட்ரல், மரை உள்ள வளையத்துக்கு. மாற்றிக் கொடுத்தால் பல்பு எரியும், ஆனால் பல்பு மாற்றப் போகிற கையில் கரண்ட் அடிக்கும். முடிந்ததும் நேராக பிளக்கில் சொருகாமல், தெரிந்த எலக்ட்ரீசியனிடம் கொண்டுபோய் சீரிஸ் லேம்ப் (லைனில் தொடராக ஒரு பல்பை இணைத்துச் சோதிக்கும் அமைப்பு) வழியாக ஒருமுறை போட்டுப் பாருங்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் சீரிஸ் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும். இந்த வேலை பழக்கமில்லை என்றால் நீங்கள் செய்யாதீர்கள். அரை மணி நேரக் கூலி கொடுத்துச் செய்துகொள்ளுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பல்பு விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "பல்பு போட்டுப் பார்த்தேன், எரியுது, மெழுகு அசையல" என்று கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் எல்இடி இருக்கும். எல்இடி பல்பின் சூடு பாட்டிலை எட்டவே எட்டாது. இந்த விளக்குக்கு வெளிச்சம் இரண்டாம் பட்சம், சூடுதான் எரிபொருள். எனவே பழைய ஃபிலமென்ட் பல்பேதான் வேண்டும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள விளக்குகளுக்குப் பெரும்பாலும் 25 வாட். தகட்டில் எழுதியிருப்பதற்கு மேல் போடக் கூடாது. அமெரிக்க விளக்குகளில் வரும் இன்டர்மீடியட் (இ17) அளவு பல்பு மரை இங்கே கிடைக்காது. அதனால் ஹோல்டரையே இ14 (சின்ன மரை அளவு) பீங்கான் ஹோல்டராக மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் அந்தச் சூட்டில் இளகும். இ14 அளவில் 15 வாட், 25 வாட் ஃபிலமென்ட் பல்புகள் இப்போதும் கிடைக்கின்றன, ஏனென்றால் இமாலய உப்பு விளக்குக்கு அதையேதான் போடுகிறார்கள். கடையில் "சால்ட் லேம்ப் பல்பு" என்று கேளுங்கள். இல்லையென்றால் கோவை டவுன்ஹால் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடைகளில் விசாரியுங்கள். நம் ஊர்ப் பழைய ஜீரோ வாட் பல்புகூடப் பெயரில்தான் ஜீரோ, சுமார் 15 வாட் இழுக்கும். சின்ன விளக்குக்கு அது போதும், உங்களுடையதுக்குப் போதாது.

அடிப்பாகத்தைத் துடைக்கிற விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. குத்துவிளக்கு மாதிரி இருக்கிறதே என்று புளியோ எலுமிச்சையோ பித்தளை விளக்கும் பொடியோ போட்டுத் தேய்க்காதீர்கள். அது பித்தளை இல்லை. அலுமினியத் தகட்டில் பொன்னிறப் பூச்சு ஏற்றியது. ஒரு அம்மா அப்படித் தேய்த்துக் கொண்டுவந்தார்: ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் சாம்பல் நிற அலுமினியம், நடுவில் புளி வழிந்த கோடு. போன பூச்சைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. பாத்திரம் கழுவும் லிக்விடை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு, பழைய பனியன் துணியில் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கறுப்பு முழுவதும் போகாது. போன அளவு போதும்.

இனிப் பாட்டில். இங்கே உங்களிடம் ஒரு வாரப் பொறுமையைக் கேட்கிறேன். பாட்டிலைக் குலுக்காமல், சாய்க்காமல் வைத்து, காலையில் போடுங்கள். உருக மூன்று நான்கு மணி நேரம் ஆகும். முதலில் மெழுகு உருண்டையாக வராது. அடிக்கட்டியைப் பிளந்துகொண்டு மெல்லிய குச்சி குச்சியாக, பவளப் புற்று போல மேலே நீளும். "ஐயோ கெட்டுப்போச்சு" என்று அந்த நேரத்தில்தான் பலர் அணைத்துவிடுகிறார்கள். கெடவில்லை, இருபது வருடத் தூக்கத்திலிருந்து எழுகிறது. விட்டுவிடுங்கள், அந்தக் குச்சிகள் தாமே வளைந்து இளகிக் கீழே சேரும். மொத்தம் ஏழெட்டு மணி நேரம் ஓடியதும் அணைத்து, இரவு முழுக்க நன்றாக ஆறவிட்டு, மறுநாள் மறுபடி. சூடாக இருக்கும்போது தொட்டுத் தூக்கவே கூடாது. இப்படி ஏழு நாள் செய்யுங்கள். என் கைக்கு வந்த கலங்கிய விளக்குகளில் நான்கு, மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் தெளிந்தன. ஒன்றில் காலையில் போய்ப் பார்த்தபோது, மேலே இரண்டு விரல் அளவுக்குத் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து, கீழே மட்டும் புகை நின்றது. அன்று சாயங்காலம் அதுவும் இறங்கிவிட்டது.

எல்லாம் தெளியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். கலங்கலுக்குக் காரணம் ஒன்றல்ல. பரணிலிருந்து இறக்கும்போது குலுங்கி மெழுகுத் துகள் தண்ணீரில் பரவியிருந்தால், சூடும் ஆறுதலும் மாறி மாறி வர அது மெழுகோடு திரும்பச் சேரும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உள்ளே பாசியோ பூஞ்சையோ பிடித்திருந்தால், அல்லது முன்பு யாராவது வேளாவேளைக்கு அணைக்காமல் நாள் கணக்கில் எரியவிட்டுத் திரவமே கெட்டிருந்தால், எத்தனை நாள் ஓட்டினாலும் தெளியாது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து இது எந்த வகை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏழு நாள் ஓட்டம்தான் அதற்குச் சோதனை.

அந்த ஏழு நாளில் நம் ஊர்ப் பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த விளக்கு 20 முதல் 25 டிகிரி உள்ள அறைக்காகச் செய்தது. பாலக்காட்டுப் பக்கம் மார்ச், ஏப்ரலில் 40-ஐத் தொடுகிற பகலில் ஓட்டினால், உச்சியில் மெழுகு ஆறவே வழியில்லாமல் எல்லாம் மேலேயே குல்லா மாதிரி நின்றுவிடும், அல்லது கடுகு கடுகாகச் சிதறும். அது சூடு கூடிப்போனதன் அடையாளம். 15 வாட் பல்புக்கு மாறுங்கள், அல்லது ஒரு டிம்மர் வையுங்கள், அல்லது இரவில் நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுங்கள். மாறாக, மெழுகு அடியில் அரைக்கோளமாக உப்பி, ஏறாமல் நின்றால் சூடு போதவில்லை. ஆடிக் காற்று அதற்கு ஒரு காரணம்: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று ஜன்னலோர பாட்டிலின் சூட்டை உறிஞ்சிவிடும், விளக்கை மூலைக்குத் தள்ளுங்கள். வோல்டேஜ் இன்னொரு காரணம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும்போது லைன் 190-க்கு இறங்கினால், பல்பின் சூட்டில் சுமார் கால் பங்கு போய்விடும். பகலில் நன்றாக ஓடி, விளக்கு வைக்கிற நேரத்தில் நின்றுபோகிறது என்றால் கோளாறு விளக்கில் இல்லை.

ஏழு நாளுக்குப் பிறகும் கஞ்சித்தண்ணியாகவே இருந்தால், அப்போது திறக்கலாம். அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. 1960-களில் வந்த விளக்கு என்றால் திறக்கக் கூடாது. அந்தக் காலத்து மெழுகில் கனத்துக்காக கார்பன் டெட்ராகுளோரைடு கலந்தார்கள். அதன் ஆவி ஈரலைக் கெடுக்கும். வீட்டு உபயோகப் பொருட்களில் அதை அமெரிக்கா 1970-ல் தடை செய்தது. உங்களுடையது 90-களில் வந்தது என்பதால் அந்தப் பயம் குறைவு. இருந்தாலும் ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுச் செய்யுங்கள். கொட்டுகிற திரவம் கிணற்றுப் பக்கமோ வாய்க்கால் பக்கமோ போகவே கூடாது. ஒரு பழைய கேனில் மூடி, மேலே எழுதி வையுங்கள்.

மெழுகு நன்றாக உறைந்திருக்கும்போது மூடியை எடுத்து, பழைய திரவத்தை மெதுவாகச் சாய்த்து வடித்துவிடுங்கள். மெழுகைத் தொட வேண்டாம், அதன் கலவை அந்தக் கம்பெனிக்கே தெரிந்தது, நம்மால் வீட்டில் செய்ய முடியாது. பிறகு ஊற்ற வேண்டியது பேட்டரி தண்ணீர், அதாவது பெட்ரோல் பங்கிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர். நான் கெடுத்த விளக்கின் கதை இங்கேதான் வருகிறது. ஒரு கேன் வாங்கப் போகச் சோம்பல்பட்டு, கடைக் குழாயில் வந்த போர் தண்ணீரை ஊற்றினேன். நம் கிழக்குப் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீர். இரண்டு நாளில் கண்ணாடியின் உட்புறம் முழுக்க வெண்கறை, மெழுகின் மேல் மாவு தூவினாற்போல ஒரு தோல். அந்த விளக்கு ஒரு பெண், இறந்துபோன தன் அண்ணன் நினைவாக வைத்திருந்தது. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. அதனால்தான் திறக்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது மெழுகின் மேல் நேராகக் கொட்டாமல் கண்ணாடி ஓரமாக வழியவிடுங்கள். கழுத்தில் பழைய அளவுக்குக் காற்றிடம் விடுங்கள், சூட்டில் தண்ணீர் விரியும். மூடாமல் விளக்கைப் போட்டு மெழுகு உருகும்வரை காத்திருங்கள். பழைய திரவத்தில் உப்போ அது போன்ற ஒன்றோ கரைந்திருந்தது, இப்போது அது இல்லை. அதனால் மெழுகு உருகியும் அடியிலேயே கிடக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கனமாக்க வேண்டும். அதற்கு எப்சம் சால்ட், அதாவது நம் ஊரில் தென்னைக்குப் போடுகிற அதே மெக்னீசியம் சல்பேட். உரக்கடைச் சரக்கில் தூசு இருக்கும், மருந்துக் கடையில் வாங்குங்கள். சமையல் உப்பு வேண்டாம், கட்டிபிடிக்காமல் இருக்க அதில் சேர்ப்பது தண்ணீரைக் கலக்கும். சூடான டிஸ்டில்டு வாட்டரில் கரையும் மட்டும் எப்சம் சால்ட்டைக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி எடுத்து ஓரமாக விடுங்கள். கால் மணி நேரம் பொறுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு 5 மில்லி. மட்டம் உயர்ந்தால் அதே அளவு திரவத்தை மேலிருந்து உறிஞ்சி எடுங்கள். அவசரப்பட்டு அதிகம் விட்டால் மெழுகு மேலே போய் ஒட்டிக்கொண்டு இறங்காது. அப்போது கொஞ்சம் திரவத்தை எடுத்துவிட்டு வெறும் டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டியதுதான். மொத்தம் எத்தனை மில்லி என்று கேட்காதீர்கள், விளக்குக்கு விளக்கு மாறும். மெழுகு கண்ணாடியில் ஒட்டி இழுபட்டால் மட்டும், ஒரு டம்ளர் டிஸ்டில்டு வாட்டரில் ஒரே ஒரு சொட்டு நிறமில்லாத டிஷ்வாஷ் கலந்து அதிலிருந்து ஒரு ஸ்பூன் விடுங்கள். அது கூடினால் மெழுகு கடுகாக உடையும், திருப்பிச் சரிசெய்வது பெரும்பாடு. சாயம் எதுவும் சேர்க்காதீர்கள். தெளிந்த தண்ணீரில் சிவப்பு மெழுகே அழகுதான்.

உருகும் நேரத்தைக் குறைக்கலாம் என்று பாட்டிலை கேஸ் அடுப்பிலோ வெந்நீர்ப் பாத்திரத்திலோ வைக்கிற எண்ணம் வந்தால் கைவிடுங்கள். 2004-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கென்ட் என்ற ஊரில், ஒரு இளைஞர் அடுப்பின் மேல் வைத்த லாவா விளக்கு வெடித்து, கண்ணாடித் துண்டு நெஞ்சில் பாய்ந்து இறந்துபோனார். பல்பின் சூட்டைத் தவிர வேறு எந்தச் சூடும் அந்தப் பாட்டிலுக்கு ஆகாது.

கடைசியாக மூடி. மேலே இருக்கும் உலோகக் குல்லாவைக் கழற்றினால், பல விளக்குகளில் உள்ளே சோடா பாட்டில் மூடி போன்ற தகர மூடிதான் இருக்கும். அதைத் திறக்கும்போது ஒரே பக்கத்தில் நெம்பாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், இல்லையென்றால் கண்ணாடி விளிம்பு சில்லு பெயரும். திரும்ப மூட எம்-சீல், ஃபெவிக்விக் எதுவும் வேண்டாம், பிறகு திறக்கவே முடியாமல் போகும். நன்றாக ஆறிய பாட்டிலை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் சோடா கம்பெனி எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். தகர மூடி அழுத்தும் மெஷின் அவர்களிடம் இருக்கும். புது மூடி உங்கள் பாட்டிலின் வாய்க்குச் சரியாக உட்காருகிறதா என்று முதலில் கையால் வைத்துப் பாருங்கள், பிறகு அழுத்தச் சொல்லுங்கள். நான் திறந்த இரண்டு விளக்குகளுக்கு அப்படித்தான் மூடி போட்டோம். சோடாக்காரர் காசு வாங்கவில்லை. ஓடும்போது ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொன்னார், ஆறிய பாட்டிலாகக் கொண்டுபோய் அவர் கடையிலேயே நான்கு மணி நேரம் ஓட்டிக் காட்டினோம். அடித்தகட்டின் படத்தை மட்டும் இங்கே போடுங்கள், எத்தனை வாட் பல்பு என்று பார்த்துச் சொல்கிறேன்.